வன்னிக் காணியும் கடையும்: நமக்குப் பின் யார் பெயரில்?



நமது லயங்களில் எத்தனையோ வீடுகளுக்கு வன்னியில் சொந்தம் உண்டு. அண்ணன் கிளிநொச்சியில், சித்தப்பா வவுனியாவில், கட்டிக்கொடுத்த மகள் முல்லைத்தீவில் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேச்சு இருக்கும். இங்கே கொழுந்து பறித்த காசு அங்கே கிணறாகவும் கடையாகவும் மாறியிருக்கிறது. ஆனால், "அந்தக் காணி யார் பெயரில் இருக்கு? அவருக்கு ஒன்னு ஆயிட்டா யாருக்குப் போகும்?" என்று கேட்டால் பதில் வராது. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த 'அப்புறம்' வரும்போது காணிக்காரர் உயிரோடு இருக்கமாட்டார். அதனால்தான் இந்த இதழில் இந்த விடயத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

நாம் வன்னிக்குப் போன வரலாறு

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. பிரசாவுரிமை இல்லாதவனுக்கு அரசாங்கக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடையாது. 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் பட்டினி வந்தது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் கலவரங்கள் வந்தன. உயிரையும் பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் வடக்கே போனார்கள். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம், ஜெயபுரம், தர்மபுரம் போன்ற ஊர்களில் காடு வெட்டிக் குடியிருந்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். வவுனியாப் பக்கம் வந்த குடும்பங்களைக் குடியமர்த்த காந்தீயம் இயக்கம் பெரும் பாடுபட்டது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் டொலர் பாம், கென்ற் பாம் என்ற பண்ணைகளிலும் நம் குடும்பங்கள் இருந்தன. அங்கே அவர்கள் நிலத்தைத் திருத்தினார்கள், பயிர் வைத்தார்கள். 1984இல் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். எத்தனை வியர்வை சிந்தியிருந்தாலும், 'இது என் காணி' என்று எடுத்துக் காட்ட அவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. காகிதம் இருந்திருந்தால் அன்றைய நிலைமையில் காப்பாற்றியிருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் பிறகு உரிமை கேட்பதற்குக்கூட அவர்களிடம் ஆதாரம் இல்லாமல் போனது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்ற பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. 2009இல் போர் முடிந்தது. அதன் பிறகு வந்த வீட்டுத் திட்டங்களில் முதலில் கேட்கப்பட்டதும் காணிப் பத்திரம்தான். இந்திய அரசு கட்டிக்கொடுத்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு, கிழக்குக்கு ஒதுக்கப்பட்டன. அப்போதும் பத்திரம் இல்லாதவர் பாடு திண்டாட்டமாக இருந்தது. ஆகவே, உழைப்பு காணியைத் திருத்தும். பத்திரம்தான் அதைப் பிள்ளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

உங்கள் காணி எந்த வகை?

ஒவ்வொரு வகைக் காணிக்கும் சட்டம் வேறு. உங்கள் சொந்தக்காரரிடம் உள்ள பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். அது கீழே உள்ள நான்கில் ஒன்றாக இருக்கும்.

1. அனுமதிப்பத்திரக் காணி. சனங்கள் 'பெர்மிட் காணி' என்பார்கள். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அரசாங்கம் கொடுத்தது.

2. அளிப்புக் காணி. பெர்மிட் நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு அரசாங்கம் அதே சட்டத்தின்கீழ் கொடுக்கும் அளிப்புப் பத்திரம். பலர் இதையும் 'உறுதி' என்று சொல்லுவார்கள். ஆனால் இது தனியார் உறுதி போன்றதல்ல.

3. தனியார் உறுதிக் காணி. நொத்தாரிசு முன்னிலையில் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்தது.

4. ஒரு பத்திரமும் இல்லாமல் குடியிருக்கும் காணி.

பெர்மிட் காணியும் அளிப்புக் காணியும்

இந்தக் காணிகளை நினைத்தபடி விற்கவோ, வாடகைக்கு விடவோ, பங்கு போட்டுக் கொடுக்கவோ முடியாது. அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. "வெள்ளைக் கடதாசியில முத்திரை ஒட்டி கையெழுத்து வாங்கிட்டோம், சாட்சியும் இருக்கு" என்று சொல்லிப் பெர்மிட் காணி வாங்கியவர்கள் வன்னியில் நிறையப் பேர். சட்டத்தின் முன் அவர்கள் வாங்கியது ஒன்றுமில்லை. காசு போனது போனதுதான்.

அப்படியானால் காணிக்காரர் இறந்த பின் காணி யாருக்கு? இங்கேதான் 'பின்னுரித்தாளர்' என்ற சொல் வருகிறது. நம் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எஃப்.புக்கு, ஒருவரைப் பெயர் குறித்து வைக்கிறோம் அல்லவா? அதுபோல, பெர்மிட்காரர் தமக்குப் பின் காணிக்கு உரியவரை உயிரோடு இருக்கும்போதே பெயர் குறிக்கலாம். இதில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, யாரை வேண்டுமானாலும் பெயர் குறிக்க முடியாது. கணவன் அல்லது மனைவி, அல்லது சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சொல்லப்பட்ட இரத்த உறவினர் மட்டுமே. சிநேகிதர், வளர்ப்புக்கு வந்தவர், கடன் கொடுத்தவர் யாரையும் போட முடியாது.

இரண்டாவது, பெயர் குறித்த பத்திரம் காணிக்காரர் இறப்பதற்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும். வீட்டு ட்ரங்குப் பெட்டியில் கையெழுத்தோடு கிடந்தால் மட்டும் போதாது. "அப்பா எழுதித்தான் வெச்சிருந்தாரு" என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது, பெயர் குறித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், இறந்தவரின் மனைவிக்கோ கணவனுக்கோ அந்தக் காணியை அனுபவிக்கும் உரிமை முதலில் வருகிறது. ஆனால் அப்படி வருகிறவர் அதை விற்க முடியாது. இந்த உரிமையைக் காட்டக் கலியாணப் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் குடும்பம் நடத்துகிறவர்கள் நம்மில் பலர். அப்படிப்பட்ட பெண்கள்தான் இந்த இடத்தில் கண்ணீர் விடுகிறார்கள்.

நான்காவது, உரிமை வந்தவர் இறப்பு நடந்து 6 மாதத்துக்குள் காணியில் போய் ஆட்சி எடுக்க வேண்டும். தவறினால் அந்த உரிமை நழுவிவிடும். பெயர் குறிக்கப்பட்ட மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மகள் தோட்டத்தில் வேலை செய்கிறாள் என்றால், செத்த வீட்டுக்குப் போய் முப்பத்தோராம் நாள் முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடக் கூடாது. பிரதேச செயலகத்துக்குப் போய், காணி உத்தியோகத்தரிடம் எழுத்து மூலம் அறிவித்துவிட்டே வர வேண்டும்.

யாரையும் பெயர் குறிக்காமல் இறந்துவிட்டால்? பழைய சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கே முதலிடம். மூத்த மகள் வயதில் பெரியவளாக இருந்தாலும் தம்பிக்குத்தான் காணி போகும். பெண் பிள்ளைகளுக்கு நடந்த இந்த அநியாயத்தைப் பல ஆண்டுகளாகப் பலரும் எடுத்துச் சொன்ன பிறகு, 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண், பெண் வேற்றுமையை நீக்கியது. இன்று 'மகன், மகள்' என்ற பிரிவு இல்லை, 'பிள்ளைகள்' என்பதுதான் கணக்கு. ஆகவே "பொம்பளப் பிள்ளைக்கு பெர்மிட் காணி வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஓர் உதாரணம்

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். அண்ணன் 1977க்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போய், காடு வெட்டி, பின்னர் பெர்மிட்டும் எடுத்தார். தம்பி தோட்டத்திலேயே நின்றுவிட்டார். தம்பிக்கு 55 வயதாகி ஈ.பி.எஃப். காசு கைக்கு வந்ததும், "இங்க வா, ரோட்டோரமா கடை போடலாம், ஆளுக்குப் பாதி" என்று அண்ணன் கூப்பிடுகிறார். தம்பி இருந்த காசு முழுவதையும் போட்டு அண்ணன் காணியில் கல்லுக் கடை கட்டுகிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை. கூடப் பிறந்த அண்ணனிடம் என்ன எழுத்து வாங்குவது?

பத்து வருடத்தில் அண்ணன் இறந்துவிடுகிறார். காணி அண்ணியின் அனுபவத்துக்குப் போகிறது. அண்ணிக்குப் பிறகு பிள்ளைகளில் மூத்தவருக்குப் போகும். மூன்றாம் அட்டவணையில் சகோதரனுக்கு இடம் உண்டுதான். ஆனால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தாய் தகப்பன் எல்லாருக்கும் பிறகே அவர் முறை வரும். கட்டடம் நிலத்தோடு சேர்ந்தது. ஆகவே தம்பி கட்டிய கடையும் அந்த நிலத்தோடேயே போகும். அண்ணியும் பிள்ளைகளும் நல்லவர்களாக இருந்தால் தம்பி பிழைப்பார். இல்லாவிட்டால் ஆயுள் முழுதும் பறித்த கொழுந்தின் காசு ஒரு பேச்சில் கரைந்துபோகும்.

இதில் அண்ணன் மீதும் குற்றமில்லை, தம்பி மீதும் குற்றமில்லை. எழுதாமல் விட்டதுதான் குற்றம். எழுத்து வாங்குவது நம்பிக்கை இல்லாததைக் காட்டாது. இரண்டு பேரும் இல்லாத காலத்தில் பிள்ளைகள் சண்டை பிடிக்காமல் இருக்கச் செய்யும் காரியம் அது.

தனியார் உறுதிக் காணி

காணி விற்பதும் வாங்குவதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதல் இன்றுவரை இதுதான் விதி. எழுதிய உறுதியை மாவட்டக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதியாமல் வைத்திருந்தால், அதே காணியை இன்னொருவர் பிறகு விலைக்கு வாங்கி முந்திப் பதிந்துவிட்டால், உங்கள் உறுதி பின்னால் தள்ளப்படலாம்.

வாங்குவதற்கு முன் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வங்கி ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, விற்கிறவர்தான் உரிமையாளரா என்பது அங்கே தெரியும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்காக வேறொருவர் அற்றோனித் தத்துவத்தை வைத்துக்கொண்டு விற்க வந்தால், தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். கொடுத்தவர் இறந்த அன்றோடு அந்தத் தத்துவமும் முடிந்துவிடும்.

உறுதிக் காணிக்காரர் மரணசாதனம் எழுதாமல் இறந்தால், நாட்டின் பொதுச் சட்டப்படி பாதி கணவனுக்கோ மனைவிக்கோ போகும். மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பங்குதான்.

ஆனால் வடமாகாணத்தில் தேசவழமைச் சட்டம் என்று ஒன்று உண்டு. அது வடமாகாணத்தை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்ட தமிழருக்கானது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகை பிரிக்கும். அதன்கீழ் வரும் மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். காணியில் பங்குள்ளவர்களுக்கு மற்றவர் பங்கை முதலில் வாங்கும் உரிமையும் உண்டு. மலையகத்திலிருந்து போய் அங்கேயே வேரூன்றிய குடும்பத்துக்கு அது பொருந்துமா என்பது, அவர்கள் நிரந்தரமாக அங்கே குடியேறியவர்களா என்பதைப் பொறுத்தது. இதை அயலவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இந்தச் சிக்கலைக் குறைக்கும் வழி மரணசாதனம். அதை ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்கக் கையெழுத்திடலாம். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். சொத்து கிடைக்கப்போகிறவர்களைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. மரணசாதனம் எழுதினால் ஆயுசு குறையும் என்று சில பெரியவர்கள் பயப்படுவார்கள். குடை வாங்கினால் மழை வரும் என்று யாராவது பயப்படுவார்களா?

ஒன்றை மறக்க வேண்டாம். பெர்மிட் காணியையும் அளிப்புக் காணியையும் மரணசாதனத்தில் இஷ்டப்படி துண்டு போட முடியாது. அவற்றுக்கு மேலே சொன்ன பின்னுரித்தாளர் பதிவைச் செய்யுங்கள்.

பத்திரம் இல்லாமல் குடியிருப்பவர்கள்

"பத்து வருஷம் இருந்தா காணி நமக்குச் சொந்தம்" என்று ஒரு பேச்சு உண்டு. இதில் பாதிதான் உண்மை. தனியார் காணியில், உரிமையாளரின் அனுமதி இல்லாமல், அவருக்கு எதிராக, இடைவிடாமல் 10 ஆண்டு ஆட்சி செய்தவர் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். காவல்காரராகவோ, "இருந்து பாத்துக்குங்க" என்று உரிமையாளர் சொன்னதன் பேரிலோ இருந்தவருக்கு வெறும் வருடக் கணக்கு உதவாது. வன்னியில் தென்னந்தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் காவலுக்குப் போய்த் தங்கிய நம் குடும்பங்கள் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அரசாங்கக் காணியில் 10 வருடம் இருந்தால் அது தானாகச் சொந்தமாகாது.

போரில் பெர்மிட்டைத் தொலைத்தவர்களுக்கும், அரச காணியில் பத்திரமின்றி இருந்தவர்களுக்கும் தீர்வு காண்பதற்காக 2013இல் காணி ஆணையாளர் நாயகம் வடக்கு, கிழக்குக்கு என்று தனிச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டார். அப்போது விண்ணப்பம் கொடுத்து முடிவு வராதவர்கள், அந்த விண்ணப்பத்தின் பிரதியோடு பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். குடியிருப்பைக் காட்டும் மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்புப் பிரதி, பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் கடிதம் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

கடை, தையல், பேக்கரி: சிறுதொழில் செய்வோருக்கு

உங்கள் சொந்த முழுப் பெயரில் அல்லாமல் வேறொரு பெயரில் வியாபாரம் நடத்தினால், வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். விபரம் பிரதேச செயலகத்தில் கிடைக்கும். சாப்பாட்டுக் கடை, பேக்கரி போன்றவற்றுக்குப் பிரதேச சபையின் அனுமதியும் வேண்டும்.

இருவர் சேர்ந்து கூட்டாகத் தொழில் செய்து, முதல் 1,000 ரூபாவுக்கு மேற்பட்டால், கூட்டு உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். இன்றைக்கு 1,000 ரூபாவுக்குள் என்ன கடை போட முடியும்? ஆகவே எல்லாக் கூட்டுக்கும் எழுத்து வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு போட்டார், இலாப நட்டம் எப்படிப் பிரிப்பது, ஒருவர் இறந்தால் அவர் பங்குக் காசை யாருக்கு, எத்தனை மாதத்தில் கொடுப்பது என்பவற்றை எழுதுங்கள்.

நம் உதாரணத்தில் வந்த தம்பிக்கும் இதுதான் வழி. அண்ணனின் பெர்மிட் நிலத்தில் அவர் பங்கு எழுதி வாங்க முடியாது. ஆனால் போட்ட காசைக் கடனாகவோ கூட்டு முதலாகவோ எழுத முடியும். வியாபாரப் பெயரில் இருவர் பெயரையும் பதிய முடியும். காசைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்ப முடியும். முடிந்தால், பெரிய தொகை போட்டுக் கட்டடம் கட்டுவதைத் தமது பெயரில் உறுதி உள்ள துண்டு நிலத்தில் செய்வதே பத்திரம்.

அவசரக் கடனுக்காகப் பெர்மிட்டையோ அளிப்புப் பத்திரத்தையோ தனியாரிடம் அடகு வைக்காதீர்கள். அப்படிக் கொடுப்பதால் கடன்காரருக்குக் காணியில் உரிமை வராது. ஆனால் மூலப் பத்திரம் அவர் கையில் மாட்டிக்கொள்ளும், உங்களுக்கோ அலைச்சல்.

இந்த மாதமே செய்ய வேண்டியவை

1. பெர்மிட், அளிப்பு, உறுதி எதுவானாலும் இரண்டு போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். போரில் எரிந்தும் வெள்ளத்தில் நனைந்தும் போன பத்திரங்கள் போதும்.

2. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பெர்மிட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஆட்களுக்குத் தோட்டத்தில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். சிங்களத்தில் எழுதியபோது எழுத்தும் மாறியிருக்கும். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பிழையை மேலதிக மாவட்டப் பதிவாளர் மூலம் திருத்தலாம்.

3. கலியாணத்தைப் பதியாதவர்கள் பதிந்துவிடுங்கள். பேரப்பிள்ளை எடுத்தவர்களும் வெட்கப்பட வேண்டாம்.

4. பெர்மிட்டில் பின்னுரித்தாளர் பெயர் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். குறித்தவர் இறந்துபோயிருந்தால் மாற்றுங்கள்.

5. ஈ.பி.எஃப்.பில் நீங்கள் கொடுத்த பெயரையும் ஒருமுறை பாருங்கள். கலியாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் பலர்.

6. சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்று சும்மா இருக்காதீர்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுகிறது. பல நீதிமன்ற நகரங்களில் அதற்குக் கிளைகள் உண்டு. போகும்போது எல்லாப் பத்திரங்களையும் கொண்டு போங்கள்.

ஒவ்வொரு குடும்பத்தின் நிலைமையும் வேறு. இங்கே எழுதியது பொதுவான வழிகாட்டல்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் பத்திரத்தைச் சட்டம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நான்கு தலைமுறையாக லயத்துக் காம்பராவில் இருந்தும், அந்தக் காம்பரா நம் பெயரில் இல்லை. வன்னியில்தான் நம் சனத்தில் சிலருக்காவது முதல் முதலாக ஒரு துண்டு மண் பெயரோடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் பிள்ளையின் பெயரையும் எழுதி வைக்க ஒரு நாள் வேலை போதும். ஒரு நாள் பேர் போகும், பரவாயில்லை.

வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். வன்னியில் இருக்கும் சொந்தங்களுக்கு இந்த இதழை அனுப்பி வையுங்கள்.